நாலு மடங்கு தூரம்

மாராத்தாள் புருஷனுக்குக் கருமாதி முடிந்த மறுநாளே ஏர்கன் துப்பாக்கிக்குக் குறி பார்க்கிற ஸ்கோப் குழாய் வாங்க ஈரோட்டுக்குப் பஸ் ஏறினாள் என்பதை வேப்பங்காட்டுப்புதூரில் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. துக்கம் வந்த வீட்டுக்காரிகளில் சிலர் பழனி, திருச்செந்தூர் என்று போவார்கள், சிலர் மகள் வீட்டில் போய்க் கிடப்பார்கள், இவள் குறி பார்க்கப் போகிறாள், அவ்வளவுதான் என்று விட்டுவிட்டார்கள். செத்துப்போன பொங்கியண்ணன், அரிசி ஆலைக்குப் பின்னால் இருக்கும் களத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடுகிற ஏர்கன் கிளப்பில் மெம்பர். காகித வட்டத்தில் ஈயக் குண்டைப் போட்டு ஓட்டையை எண்ணிப் பார்ப்பதைத் தவிர வேறு கெட்ட பழக்கம் எதுவும் இல்லாத மனிதர். துப்பாக்கியை விட்டுவிட்டுப் போய்விட்டார், மாராத்தாள் அதை எடுத்துக்கொண்டாள்.

அவர் போன விதம்தான் பெரிய அநியாயம். அவருடைய தோட்டத்திலிருந்து தார் ரோட்டுக்கு வருகிற வண்டித்தடம், பங்காளி அர்த்தனாரியின் தோட்டத்து ஓரமாக வரும். வரப்பில் நின்ற ஒரு வேப்பமரம் யாருக்கு என்ற சண்டையில் அர்த்தனாரி தடத்தின் வாயில் இரும்புக் கேட்டைப் போட்டுப் பூட்டினான். ஒரு மத்தியானம் பொங்கியண்ணனுக்கு நெஞ்சு வலித்தது. ஆம்புலன்ஸ் அந்தக் கேட்டு வரைக்கும் வந்து ஆரன் அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது, கூப்பிடு தூரத்தில் அர்த்தனாரியின் வீடு, அந்தக் கதவு திறக்கவே இல்லை. கடைசியில் வாய்க்கால் மேட்டைச் சுற்றிக்கொண்டு வண்டி வந்து சேர்ந்தபோது, மாராத்தாள் புருஷனின் தலையை மடியில் வைத்து அவர் கண்ணை மூடிவிட்டிருந்தாள்.

சாப்பிட்டுப் படுத்தவன் அசந்து தூங்கிப்போனேன், டிவி வேறு ஓடிக்கொண்டிருந்தது என்றான் அர்த்தனாரி. பாடைக்கு முன்கொம்பு பிடித்தவனும் அவன்தான், எல்லோரையும் விடச் சத்தமாக அழுதவனும் அவன்தான். மாரியம்மன் கோயிலில் ஊர் கூடிக் கேட்டபோது, தான் வராமல் பெண்டாட்டி ருக்குமணியை அனுப்பினான். அவள் அன்றைக்கு மகள் ஊருக்குப் போயிருந்து பொழுது சாயத்தான் வந்தவள், புருஷன் சொன்னதை அப்படியே நம்பி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்து, "அவரு தூங்கிட்டுத்தானுங்க இருந்தாரு" என்று சத்தியம் செய்துவிட்டு, மாராத்தாளைக் கட்டிக்கொண்டு அழுதாள். கற்பூரம் அணைத்த பிறகு ஊர் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது என்பது வழக்கம், ஊரும் எடுக்கவில்லை. மாராத்தாளுக்கு மட்டும் தெரியும், தன் வீடு வரைக்கும் கேட்ட ஆரன் அவனுக்குக் கேட்காமல் போயிராது, அவன் விழித்துத்தான் இருந்தான். அதை அவன் வாயாலேயே, நாலு பேர் கேட்கச் சொல்ல வைக்காமல் தன் கட்டை வேகாது என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

அதுவரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியுமா? அர்த்தனாரிதான் ஏர்கன் கிளப்புக்குத் தலைவர். மாட்டுப் பொங்கல் போட்டியில் வருஷம் தவறாமல் பரிசுக் கிடாயை ஓட்டிக்கொண்டு போகிறவனும் அவன்தான், அவனிடம் சிங்கப்பூரிலிருந்து வந்த ஸ்கோப் இருந்தது. முதலில் அந்தக் கிடாயைப் பிடுங்குவது, மிச்சத்தை அப்புறம் பார்த்துக்கொள்வது என்பது மாராத்தாளின் கணக்கு. ஐம்பதைத் தாண்டிய கண்ணுக்குத் துப்பாக்கியின் முனையில் இருக்கும் குறி தெரிந்தால் வட்டம் தெரியவில்லை, வட்டம் தெரிந்தால் குறி தெரியவில்லை. அதனால்தான் பஸ் ஏறினாள்.

ஈரோட்டுக் கடைக்காரர் வாய் ஓயாத ஆள்.

"ஏனுங்கம்மா, உங்க வீட்டுக்காரருக்குங்களா?"

"எனக்குத்தான்."

"அப்ப இதப் பாருங்க. மூணு மடங்குலேர்ந்து ஒம்பது மடங்கு வரைக்கும் இழுக்குமுங்க. உள்ள செவப்பு லைட்டு எரியும், பச்ச லைட்டும் எரியும்."

"நாஞ் சாமி ஊர்வலத்துக்கா கட்டப் போறேன்? குண்டு போடறதுக்குங்க."

கடைக்காரர் கொஞ்சம் இறங்கி வந்தார். என்ன துப்பாக்கி, எவ்வளவு தூரம் என்று கேட்டார். ஸ்பிரிங் துப்பாக்கி என்றதும் தலையை ஆட்டினார். "அது பொல்லாததுங்க. பின்னாலயும் ஒதைக்கும், முன்னாலயும் ஒதைக்கும். பெரிய துப்பாக்கிக்குன்னு செஞ்சத இதுல மாட்டுனீங்கன்னா உள்ள இருக்கற கண்ணாடி களண்டு போயிரும். அப்பறம், எட்டத்துக்குன்னு செஞ்சதுல கிட்ட இருக்கற வட்டம் பொகை மூட்டமாத் தெரியும். முன்னால வளையத்தத் திருகிக் கிட்டத்துக்குக் கொண்டாரதா இருக்கோணும்."

மாராத்தாள் மேஜையில் பரப்பியிருந்ததை ஒவ்வொன்றாக எடுத்துத் தேங்காயை ஆட்டிப் பார்ப்பது போலக் காதருகே வைத்து ஆட்டினாள். விலை கூடின ஒன்பது மடங்குக்காரன் உள்ளே கிலுகிலுவென்றான். இன்னொன்று லேசாகக் கனைத்தது. மூலையில் தூசி படிந்து கிடந்த, லைட்டும் இல்லாத, இழுவையும் இல்லாத, வெறும் நாலு மடங்கு ஸ்கோப் ஒன்றுதான் எவ்வளவு ஆட்டினாலும் வாயைத் திறக்கவில்லை. "இது போதும்" என்றாள். மடியில் முடிந்து கொண்டுபோனதற்குள் விலையும் அடங்கிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை களத்தில் அதை மாட்டித் திருகாணிகளை முறுக்கி, வளையத்தைத் திருப்பி, கண்ணை வைத்துப் பார்த்தாள். வட்டம் கிட்டத்தில் வந்து நின்றது. ஸ்கோப் என்றால் அப்படித்தானே என்று ஒரு குண்டு போட்டாள். கண்ணை எடுத்த பிறகும் வட்டம் கிட்டத்திலேயே நின்றது. வட்டம் ஒட்டிய பலகையும், பலகைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக் காகிதம் மாற்றுகிற நடேசனும், நடேசன் கையிலிருந்த டீ டம்ளரும் அதோடு கிட்டே வந்திருந்தார்கள்.

"ஏனக்கா," என்றான் நடேசன், "இன்னஞ் சித்தெ இழுத்தீங்கன்னா காயிதத்த உங்க கையிலயே குடுத்துருவேன், எந்திரிச்சு வர வேண்டியதில்ல."

ஊரில் யாரும் இதற்காக வாயைப் பிளக்கவில்லை. கொடுத்த காசுக்கு வேலை செய்கிறது, இந்தக் காலத்தில் எது அப்படிச் செய்கிறது என்றுதான் பேசிக்கொண்டார்கள். மறுநாளிலிருந்து மாராத்தாள் வாசலில் கூட்டம். மூட்டுவலிக்காரர்கள் பஸ் ஸ்டாப்பைக் கிட்டே இழுத்துத் தரச் சொன்னார்கள், அவளும் தலைவாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தாள், அன்றிலிருந்து ஊர்க்காரர்கள் பஸ் வருகிற சத்தம் கேட்ட பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு போனால் போதும் என்றானது. ரேஷன் கடை வந்தது. மாரியம்மன் கோயிலையும் இழுத்தார்கள், அது ரொம்பவே கிட்டே வந்துவிட்டதால் கிழக்குத் தெருக்காரர்கள் சாமிக்கு எதிரே கோழி அடிக்கவும் முடியாமல், சாமிக்குத் தெரியாமல் குழம்பு வைக்கவும் முடியாமல் தவித்து, கடைசியில் பூசாரியைக் கேட்டு ஞாயிற்றுக்கிழமை ஒரு பொழுது சந்நிதிக் கதவைச் சாத்தி வைக்கும்படி ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒருத்தி ஆசைப்பட்டுத் தன் அம்மா வீட்டை இழுத்துக்கொள்ள, வழியில் இருந்த நாத்தனார் வீடும் சேர்ந்து வந்துவிட்டது; அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

கிராம நிர்வாக அலுவலர் சங்கிலி கொண்டுவந்து அளந்தார். சங்கிலிக்குப் பழைய தூரமே வந்தது, காலுக்குத்தான் குறைந்திருந்தது. "காலு அளக்கறதுக்கு என்கிட்ட கணக்கு இல்லீங்க" என்று சொல்லிவிட்டு, முன்னைவிடச் சீக்கிரமாக பஸ் ஸ்டாப்புக்குப் போய்ச் சேர்ந்தார்.

இத்தனை பேருக்கு இத்தனையும் இழுத்துக் கொடுத்துவிட்டு மாராத்தாள் வீட்டுக்குள் போய்ப் புருஷன் படுத்த கட்டிலைப் பார்ப்பாள். இந்தக் கண்ணாடி அன்றைக்கு இருந்திருந்தால் தார் ரோட்டையே வாசலுக்கு இழுத்திருப்பேனே என்று வயிறு எரியும். எரிகிற வயிற்றோடுதான் மாட்டுப் பொங்கலுக்குக் காத்திருந்தாள்.

போட்டியன்று அவள் கண்ணை வைத்ததும் வட்டம் வழக்கம்போலக் கிட்டே வந்தது, அவள் போட்ட குண்டெல்லாம் ஒரே ஓட்டையில் போயிற்று. தலைவர் அர்த்தனாரி எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டான்.

"எல்லாரும் ஒரு தூரத்துல சுடறோம். தூரத்துக்குன்னு ஒரு மரியாத இருக்குதுங்க. அதத் தின்னுபோட்டுச் சுடறதெல்லாம் சுடறதுல சேத்தியில்ல."

"தூரத்தப் பத்தி நீங்க பேசறீங்களா, கொழுந்தனாரே?" என்றாள் மாராத்தாள்.

போட்டிப் பட்டியலில் அவள் பெயரை அடித்துவிட்டார்கள். அர்த்தனாரி கிடாயைப் பிடித்துக்கொண்டு, நேராக வீட்டுக்குப் போகாமல், மாராத்தாள் தோட்டத்து வேலியை ஒட்டிச் சுற்றிக் கூட்டிப்போய், கேட்டைத் திறந்து, கிடாயை உள்ளே விட்டு, சாவியைச் சத்தம் கேட்கிறாற்போல இடுப்பில் செருகினான். அந்தச் சாவிச் சத்தத்தில்தான் மாராத்தாளுக்கு யோசனை உதித்தது. துப்பாக்கியிலிருந்து ஸ்கோப்பைக் கழற்றினாள். பெரிய பக்கத்தைக் கண்ணில் வைத்து, சின்னப் பக்கத்தை அர்த்தனாரியின் வீட்டுக்கு நேராகக் காட்டினாள். வீடு தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கிற்று. கண்ணை எடுத்தாள், அது அங்கேயே, அவ்வளவு எட்டத்திலேயே நின்றது. அன்றைக்கு ராத்திரி அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

அர்த்தனாரிக்கு முதலில் சந்தோஷம்தான். கேட்டுக்கும் வாசலுக்கும் நடுவே புதிதாக அத்தனை நிலம் கிடந்தால் எவனுக்குத்தான் கசக்கும்? உழுது கொள்ளு விதைத்தான், பங்காளிக்காரி சாபம் விட்டால் நிலம் பெருகுது பார் என்று டீக்கடையில் சொல்லிச் சிரித்தான். ஆனால் அந்த மண்ணில் ஒரு மரம் இல்லை, ஒரு நிழல் இல்லை, விதைத்ததில் பழைய நிலத்தளவுக்குத்தான் முளைத்தது, மிச்சமெல்லாம் நடக்கிறதுக்கு மட்டுமே ஆன நிலம். மாராத்தாள் இரண்டாம் தடவை பார்த்தாள். இப்போது பால் சொசைட்டிக்கு வந்து சேர்வதற்குள் அவன் பால் திரிந்தது. தேங்காய் பறிக்கிறவர்கள் நடைக்கூலி தனியாகக் கேட்டார்கள். மூன்றாம் தடவை பார்த்தாள். அவன் போனில் சிக்னல் நின்றது, கேபிள்காரர் வயரைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார், மகள் பேரப்பிள்ளைகளோடு வந்தவள் கேட்டருகே ஒரு பகல் நின்றுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனாள்.

ஊர் இதையும் பழகிக்கொண்டது. கல்யாணப் பத்திரிகையை வீட்டுக்குப் போய் வெற்றிலை பாக்கோடு வைப்பதுதான் முறை. அர்த்தனாரிக்கு மட்டும் மஞ்சள் கயிற்றில் கோத்துக் கேட்டில் கட்டிவிட்டு, வீடு இருக்கிற திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டால் வைத்தது மாதிரி என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். தபால்காரரும் கேட்டில் கட்டினார். கிளப்பில் தலைவர் நாற்காலியைக் காலியாக வைத்துக்கொண்டே கூட்டம் நடத்தினார்கள். இது மாராத்தாள் செய்கிற வேலை என்று எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் அவளைத் தடுக்கவில்லை. கற்பூரத்துக்குப் பயந்து வாயை மூடியவர்களுக்கு இப்போது வாய் திறக்க என்ன வந்தது?

மூன்றாம் தடவைக்குப் பிறகு ஒருநாள் அர்த்தனாரி முழங்கால் வரை புழுதியோடு அவள் வாசலில் வந்து நின்றான். விடியக் கிளம்பியவன் உச்சிப்பொழுதில் வந்து சேர்ந்திருந்தான்.

"போதுமுங்க நங்கையா," என்று அண்ணி முறை வைத்துக் கூப்பிட்டான். "ருக்குமணிக்குக் காலு வீங்கிப் போச்சு."

"ஆரன் கேட்டுச்சா?"

"அதான் கற்பூரம் அணச்சாச்சே."

"அணச்சது நீங்களா?"

அவன் தண்ணீர் கேட்டான், சொம்பில் கொடுத்தாள், தாகத்துக்கு இல்லை என்று சொல்லும் குடும்பத்தில் அவள் பிறக்கவில்லை. அவன் திரும்பி நடந்து, சின்னதாகி, புழுதியாகி, வீட்டை அடைகிற வரைக்கும் காத்திருந்து, நாலாம் தடவை பார்த்தாள். ருக்குமணியும் சேர்ந்துதான் தூரமாகிறாள் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் பார்த்தாள். பழி ருசி கண்டுவிட்டால் யார் எவர் என்று பார்க்கிறதில்லை, அதை நியாயம் என்று சொல்ல நானும் வரவில்லை.

வெயில் காலத்தில் ஒரு பகல், அந்த எட்டத்திலிருந்து கறுப்பாகப் புகை எழுந்தது. பச்சை ஓலையும் டயரும் சேர்த்து எரித்தால் வருகிற புகை. ஆபத்து என்று புரிந்துகொண்டு நடேசன் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டான். வண்டி வந்து அதே கேட்டில் நின்றது. நாலைந்து பேர் சேர்ந்து பூட்டைக் கடப்பாரையால் உடைத்தார்கள், கேட் திறந்தது, திறந்து என்ன, அந்தப் பக்கம் கண்ணுக்கெட்டிய வரை வெறும் காடு, கடைசியில் கடுகளவு வீடு. டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு, "போறதுக்குள்ள பொழுது போயிரும். அக்கட்டப் போயிட்டு இக்கட்ட வாரதுக்குள்ள ஆளு தாங்காது" என்றார்.

எல்லோரும் மாராத்தாளைத் திரும்பிப் பார்த்தார்கள். இழு என்று யாரும் சொல்லவில்லை. அவள் ஸ்கோப்பை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக் கம்பத்தடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவன் சொல்லட்டும். சொன்னா இழுக்கறேன்."

"எம்மா," என்றார் டிரைவர், "அவரு சொல்றாரா இல்லையான்னு இங்கிருந்து எப்பிடித் தெரியும்?"

மாராத்தாள் இதை யோசித்திருக்கவில்லை. அவள் கேட்க ஆசைப்பட்ட ஒரே சொல் அங்கேயிருந்து இங்கே வந்து சேர முடியாதபடி செய்தவள் அவளேதான். வீட்டுக்காரருக்குக் கேட்குமா என்று டிரைவர் ஆரனை அடித்தார். அந்தச் சத்தத்தை அவள் தன் வீட்டிலிருந்து, மடியில் புருஷன் தலையோடு ஒரு மத்தியானம் முழுக்கக் கேட்டவள். திடீரென்று எழுந்து, ஸ்கோப்பைச் சரியான பக்கமாகத் திருப்பிக் கண்ணில் வைத்தாள்.

வீடு முன்னால் வந்தது. வாசலில் அர்த்தனாரி கையை ஆட்டுவது தெரிந்தது. மறுபடி பார்த்தாள். கட்டில் தெரிந்தது, கட்டிலில் ருக்குமணி, காலில் கட்டுப் போட்டிருந்தது, பாம்புக் கடி. மறுபடி பார்த்தாள். அர்த்தனாரியின் வாய் அசைந்தது, கொசு ரீங்கரிப்பது போல ஒரு சத்தம் வந்தது. நாலாவதாகப் பார்த்தாள், வீடு பழைய இடத்தில், கூப்பிடு தூரத்தில் வந்து உட்கார்ந்தது, கேட்டில் நின்ற அத்தனை பேர் காதிலும் அது விழுந்தது. தொண்டை கட்டிப்போகிற வரைக்கும் அவன் கத்திக்கொண்டிருந்திருக்கிறான்.

"கேட்டுச்சு! ஆரன் கேட்டுச்சு நங்கையா! முழிச்சுத்தான் கெடந்தேன், சாவி இடுப்புலதான் இருந்துச்சு, கொஞ்ச நேரம் நின்னு பாடுபடட்டும்னு கெடந்தேன், செத்துப்போவாருன்னு நெனைக்கல, கேட்டுச்சு, கேட்டுச்சு..."

கிட்டே வந்துவிட்டது தெரியாமல் அதே உரத்த குரலில் சொல்லிக்கொண்டே இருந்தான். கட்டிலில் கிடந்த ருக்குமணிக்குக் கண் திறந்திருந்தது. ஊருக்கு இப்போதுதான் கேட்டது, அவள் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவள்.

வண்டி உள்ளே போய் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தது. கேட்டைக் கடக்கும்போது யாரையும் பார்க்காமல் படுத்திருந்தாள்.

நினைத்தது நடந்துவிட்டது. நாலு பேர் என்ன, நாற்பது பேர் கேட்கச் சொல்லிவிட்டான். வயிறு குளிர்ந்துவிடும் என்று மாராத்தாள் காத்திருந்தாள், குளிரவில்லை. அர்த்தனாரி கேட்டைப் பிடுங்கிப் பழைய இரும்புக்காரனிடம் போட்டான், தடத்தைச் செதுக்கி மண் கொட்டினான், அவள் எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டான். டீக்கடையில் அவன் உட்கார்ந்தால் மற்றவர்கள் பெஞ்சை விட்டு எழுந்து நின்று குடித்தார்கள். அவ்வளவு கிட்டத்தில் அவன் நடமாடுவதைப் பார்க்கப் பார்க்க மாராத்தாளுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் அவன் சொல்லிவிட்டான், அவள் வார்த்தை கொடுத்திருந்தாள், மறுபடியும் குழாயைத் திருப்ப அவளுக்கு உரிமை இல்லை.

விஷம் இறங்கி ருக்குமணி ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் வந்தாள். அர்த்தனாரி அவன் வாசலில் எழுந்து நின்றான், அவள் அவனைத் தாண்டி, புதிதாக மண் கொட்டிய தடத்தில் ஒரு காலைச் சாய்த்து நடந்து மாராத்தாள் வீட்டுக்கு வந்தாள். கையில் மாத்திரைப் பை. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"அக்கா, அந்தக் கொழாயக் குடுங்க."

"எதுக்கு ருக்கு?"

"எங்கையால கற்பூரத்த அணைக்க வெச்சு, உங்களக் கட்டிப் புடிச்சு அழுகவும் வெச்சான் அக்கா. நீங்க இழுத்து விட்டுட்டீங்க. நா என்ன பண்றது, அங்க போயி அவனுக்குச் சோறு போடறதா?"

மாராத்தாள் உள்ளே போய் ஸ்கோப்பை எடுத்துவந்து கொடுத்தாள். ருக்குமணி பெரிய பக்கத்தைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள். எதிரே, கூப்பிடு தூரத்தில், அர்த்தனாரி வாசலில் நின்று வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்து இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏனக்கா, எத்தன தடவ பாத்தா மனுசன் திரும்ப நடந்து வர முடியாது?"

"நா நாலோட நிறுத்திட்டேன்."

ருக்குமணி பார்த்தாள், கண்ணை எடுத்தாள், மறுபடி பார்த்தாள். அவன் கையை ஆட்டியது தெரிந்தது, அப்புறம் கை தெரியவில்லை, வீடு மட்டும் தெரிந்தது, அப்புறம் வீடும் வெயிலும் ஒன்றாயின, அவள் நிறுத்துவதாக இல்லை. நாலு முடிந்த பிறகு மாராத்தாள் எண்ணுவதை விட்டுவிட்டு, உலையில் இன்னொரு ஆளுக்கும் அரிசி போட உள்ளே போனாள்.